ஸ்னோமொபீல் காட்டுக்குள்ள நிண்டா எப்பிடிக் கட்டி இழுக்கிறது?

ஸ்காபரோ_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நானும் சிநேகிதனும் ஒன்ராறியோவில ஹாலிபர்ட்டன் பக்கம் ஸ்னோமொபீல், அதுதான் பனியில ஓடுற மோட்டர் வண்டி, ஓடப் போனனாங்கள், ரெண்டு பேர் ரெண்டு மெசின். காரை விட்ட இடத்தில இருந்து ஒரு 20 கிலோமீற்றர் உள்ளுக்குப் போயிருப்பம், அவன்ர மெசின் கிரீச் எண்டு ஒரு சத்தத்தோட நிண்டுட்டுது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஸ்டார்ட் கயித்தைப் பிடிச்சு இழுத்தா ஒரு அங்குலமும் அசையேல்ல, எஞ்சின் இறுகிப் போச்சு எண்டு விளங்கீட்டுது. நேரம் பின்னேரம் மூண்டரை, குளிர் மைனஸ் 18, போனில ஒரு கோடும் இல்லை.

என்னட்ட இருந்தது ட்ரெயிலர்ல மெசினைக் கட்டுற ராட்செட் ஸ்ட்ராப் ஒண்டுதான். அதின்ர கொழுக்கியை அவன்ர மெசின்ர முன்பக்கத்துச் சறுக்குப் பலகை, அந்த ஸ்கீயின்ர நுனியில கைபிடிக்கிற வளையம் இருக்கெல்லோ, அதில கொழுவி மற்றப் பக்கத்தை என்ர பம்பர்ல சுத்திப்போட்டு இழுத்தன். முதல் இறக்கத்திலயே அவன் வந்து என்ர பின்பக்கத்தில இடிச்சிட்டான். பிறகு ஏத்தத்தில நான் கொஞ்சம் காஸ் குடுக்க அந்த வளையம் பிஞ்சு, கொழுக்கி என்ர ஹெல்மெட்டுக்குப் பக்கத்தால விசுக்கெண்டு போச்சு. ஒரு சாண் இஞ்சால வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்க இப்பவும் கை நடுங்குது. ஒரு மாதிரித் திருப்பிக் கட்டி வந்து சேர ராத்திரி எட்டு மணி. வழி முழுக்க ரப்பர் எரியிற மணம் வேற.

இனி இப்பிடி நடக்கக் கூடாது. எங்க கட்டுறது, கயிறு போதுமோ, அந்த எரிஞ்ச மணம் என்னத்தால, எப்ப மெசினை அங்கயே விட்டிட்டு வரோணும், அனுபவம் உள்ள ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

சட்பரி_அண்ணை:

தம்பி, ரெண்டு பேரும் முழுசா வந்து சேந்தது பெரிய விசயம். நான் இஞ்ச வடக்கில 22 வருசமா ஓடுறன், இழுத்தும் இருக்கிறன் இழுபட்டும் இருக்கிறன், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன் குறை நினைக்காதையும்.

முதல் வேலை, எஞ்சினில இருந்து ட்ராக்குக்கு, அதுதான் மெசினுக்குக் கீழ சுத்துற ரப்பர் பட்டிக்கு, ஓட்டத்தைக் கொண்டு போற பெல்ட்டைக் கழட்டுறது. அந்த எரிஞ்ச மணம் அதுதான். நீர் இழுக்கேக்க அவன்ர ட்ராக் சுத்தும், ட்ராக் சுத்தினா செயின்கேசுக்குள்ள இருக்கிற செயின் சுத்தும், அதோட பின் கிளட்ச் சுத்தும், அது பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஆனா எஞ்சின் பக்கக் கிளட்ச் இறுகி நிக்குது. பிறகென்ன, பெல்ட் அதில உரஞ்சி உரஞ்சிக் காயும். சைட் பனலைத் திறந்து, பெல்ட்டுக்கு மேல இருக்கிற பாதுகாப்பு மூடியைக் கழட்டி, மெசினோட வாற டூலால பின் கிளட்சை விரிச்சா பெல்ட் தளர்ந்து கையோட வரும். வீட்டில கராஜுக்குள்ள நிண்டு ரெண்டு மூண்டு தரம் செய்து பழகும், மைனஸ் 18ல கையுறையைக் கழட்டிப்போட்டு முதல்முறையாப் படிக்கிற வேலை இல்லை அது. கழட்டின பெல்ட்டைப் பையுக்குள்ள வையும். இன்னொண்டு, நல்ல எஞ்சினா இருந்தாலும் பெல்ட் இல்லாமல் ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணிக் காஸ் குடுக்காதையும், சுமை இல்லாத கிளட்ச் கண்டபடி சுத்தி உடைஞ்சு பறக்கும்.

அடுத்தது கட்டுற இடம். ஸ்கீ வளையம் கையால தூக்கித் திருப்புறதுக்கு மட்டும். 250 கிலோ மெசினை இழுக்க அது செய்யப்படேல்ல, அதோட நுனியில இழுத்தா ஸ்டியரிங்கும் வளையும். ஸ்கீயில இருந்து மேல போற கால் இருக்கு பாரும், அந்தக் காலின்ர அடியில ரெண்டு பக்கமும் கட்டோணும். நான் ரெண்டு கயித்தையும் நடுவில குறுக்க விட்டு, இடது ஸ்கீக் கயிறு முன் மெசின்ர பம்பரின்ர வலப்பக்கம், வலது இடப்பக்கம் எண்டு கட்டுவன், வளைவில பின் மெசின் நல்லாப் பின்னால வரும். கொழுக்கி வேண்டவே வேண்டாம் தம்பி. முடிச்சுப் போடும். போலைன் முடிச்சு எண்டா எவ்வளவு இறுகினாலும் பிறகு அவிழ்க்கலாம். கயித்தின்ர நடுவில ஒரு பழைய ஜக்கெட்டையோ பையையோ தொங்கவிட்டா, அறுந்தாலும் கயிறு ஆளை நோக்கிப் பறக்காமல் கீழ விழும்.

மூண்டாவது, பின் மெசின்ல ஆள் இருக்கோணும், ஒரு கை எப்பவும் பிரேக்கில. பெல்ட் கழட்டினாலும் எஞ்சின் செத்தாலும் பிரேக் வேலை செய்யும், அது பெல்ட்டுக்கு அங்கால, ட்ராக்கோட சேந்து சுத்துற சாப்டில இருக்கிற டிஸ்க், எஞ்சினோட சம்பந்தம் இல்லை. இறக்கம் வாற நேரம் பின்னால இருக்கிறவர்தான் வேகத்தைப் பிடிக்கோணும், கயிறு எப்பவும் இறுக்கமா இருக்க வேணும். உமக்கு இடிச்சது அவர் பிரேக் பிடிக்கத் தெரியாமல் இருந்ததாலதான். மெசினோட வாற புத்தகங்களிலயும் டோ பார், அதுதான் கட்டி இழுக்கிற இரும்புத் தண்டு, பாவிக்கோணும், கயிறு அவசரத்துக்கு மட்டும் எண்டுதான் போட்டிருக்கும். பார் எண்டா பின் மெசின் முன்னுக்கு வந்து இடிக்காது. ஒண்டு வாங்கும், மடிச்சு வைக்கிறதும் இருக்கு. வேகம் 15 கிலோமீற்றர் போதும், சமதரையில 20.

ரெவல்ஸ்டோக்_ரைடர்:

நான் கால்கரில இருக்கேன், சீசன்ல மாசம் ஒரு தடவையாவது பிரிட்டிஷ் கொலம்பியா மலைல இருக்கற ரெவல்ஸ்டோக் போயிடுவேன், போல்டர் மவுன்டன், ஃபிரிஸ்பி ரிட்ஜ் பக்கம். அண்ணன் சொன்ன பெல்ட், ஸ்கீ கால் விஷயம் மலைக்கும் அப்படியே பொருந்தும். ஆனா மலைல வேற ரெண்டு மூணு தொல்லை இருக்கு.

ஆழமான பவுடர்ல, அதாவது இறுகாத புதுப் பனில, நின்ன வண்டியக் கட்டின உடனே இழுக்கப் பாத்தா உங்க வண்டியும் சேந்து புதைஞ்சிடும். மொதல்ல நீங்க மட்டும் போக வேண்டிய வழில ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பனிய அமுக்கி, கொஞ்ச நேரம் விடுங்க, மிதிச்ச பனி தானா இறுகிக் கெட்டியாகும். அதுக்கப்புறம் இழுத்தா பாதி பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கும். அந்தக் கேப்ல இன்னொருத்தர் நின்ன வண்டியச் சுத்தி வெட்டி, ட்ராக்குக்கு அடில ஒட்டியிருக்கற ஐஸத் தட்டி விடட்டும். வியர்க்க வியர்க்க வெட்டாதீங்க ப்ரோ. நான் ஒரு தடவை அவசரத்துல அப்படி வெட்டி உள்ள போட்டிருந்த சட்டை மொத்தம் நனைஞ்சு, அரை மணி நேரத்துல ஜாக்கெட் ஜிப்ப பிடிக்க விரல் மடங்கல. பக்கத்துல இருந்தவர்தான் இழுத்து விட்டார். அன்னைக்குத் தனியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே முடியல.

அவலாஞ்ச், அதாவது பனி மொத்தமா சரிஞ்சு விழற ஆபத்து இருக்கற சரிவு இருந்தா இழுக்கறத மறந்துடுங்க. அந்த மாதிரி இடத்த ஒவ்வொருத்தரா கடக்கணுங்கறதுதான் பாதுகாப்பு முறை, கயித்துல கட்டினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சரிவுக்கு அடில இருப்பீங்க, வேகமும் இருக்காது. வண்டி அங்க நின்னுடுச்சுன்னா ஜிபிஎஸ்ல இடத்தக் குறிச்சுட்டு, ஒரே வண்டில ரெண்டு பேரா டபுள்ஸ் ஏறி வெளிய வாங்க. நிலைமை நல்லா இருக்கற நாள்ல அவலாஞ்ச் கனடா அமைப்போட பனிச்சரிவு ரிப்போர்ட் பாத்துட்டுத் திரும்பப் போங்க. ஹெலிகாப்டர்ல தொங்க விட்டும் எடுத்துட்டு வருவாங்க, செலவு ஜாஸ்திதான், ஆனா அந்தக் காசு திரும்ப சம்பாதிக்கலாம்.

இழுக்கற வண்டியோட டெம்பரேச்சரையும் பாத்துட்டே வாங்க. எஞ்சின் சூட்ட எடுக்கற கூலண்ட் ஓடற எக்ஸ்சேஞ்சர் வண்டிக்கு அடில, ட்ராக்குக்கு மேல இருக்கற டனல்ல இருக்கு, ட்ராக் அடிச்சு எழுப்பற பனிதான் அத குளுர வைக்கும். இறுகின ட்ரெயில்ல மெதுவாப் பாரம் இழுத்தா பனி மேல வராது, சூடு ஏறும். அப்பப்ப ஓரத்துல இருக்கற மெத்துனு இருக்கற பனில ஏறி எறங்குங்க.

சிக்னல் இல்லாத எடத்துக்கு இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஐபோன் 14, அதுக்கு மேல இருந்தா அவசரத்துக்கு சாட்டிலைட் வழியா மெசேஜ் போகும், ஆனா குளிர்ல போன் பேட்டரி சட்டுனு இறங்கிடும், அத மட்டும் நம்பாதீங்க.

பனியக்கா:

தம்பி, நீங்கள் வந்தது இருட்டில எண்டதால இதையும் சொல்லோணும். எஞ்சின் செத்த மெசினில பின் லைட் எரியாது, முக்கியமா பற்றரி இல்லாத பழைய மெசின். பின்னால வாற ஆளுக்கு உங்கட சிநேகிதனைத் தெரியவே தெரியாது. ஒன்ராறியோ ட்ரெயில்ல வேகம் 50 எண்டு இருந்தாலும் எல்லாரும் அப்பிடி ஓடுறேல்ல. நான் பையில சைக்கிளுக்குப் பூட்டுற சிவப்பு லைட் ஒண்டு எப்பவும் வைச்சிருப்பன், அதைப் பின்னால இருக்கிறவரின்ர முதுகில கொழுவினா போதும். மெசினை விட்டிட்டு வாறதெண்டா ட்ரெயில்ல விடவே கூடாது, ரெண்டு பேராத் தள்ளி நல்லா ஓரமா மரத்தடிக்கு ஏத்தி விடுங்கோ. ட்ரெயில் அமத்துற பெரிய குரூமர் கூடுதலா ராத்திரியிலதான் வரும். பிறகு அந்தப் பகுதி ஸ்னோமொபீல் கிளப்புக்கு எங்க நிக்குது எண்டு சொல்லிவிடுங்கோ.

ஏரியை நினைச்சா எனக்கு இன்னும் பயம். போகேக்க குறுக்க ஓடி வந்த ஏரிதானே எண்டு திரும்பி இழுத்துக்கொண்டு ஏறாதீங்கோ. ஒரு ஸ்னோமொபீலுக்கே 25 சென்ரிமீற்றர் ஐஸ் வேணும் எண்டு கனடா ரெட் குரொஸ் சொல்லுது, நீங்கள் ரெண்டு மெசினை ஒட்டினபடி மெதுவாக் கொண்டு போறீங்கள். மேல பனி, அதுக்குக் கீழ தண்ணி ஊறின சேறு மாதிரி இருந்தா தனிய ஓடுற மெசின் வேகத்தில தப்பிப் போகும், பாரம் இழுக்கிறது தாண்டு நிண்டிடும். சுத்துப்பாதை 10 கிலோமீற்றர் கூட எண்டாலும் கரையால வாங்கோ.

ஸ்காபரோ_பெடியன்:

அண்ணை, அக்கா, ரெவல்ஸ்டோக் அண்ணா, மூண்டு பேருக்கும் நன்றி. நாங்கள் வரேக்க ஒரு சின்ன ஏரி குறுக்க வந்தது, நல்ல காலம் ட்ரெயில் சுத்திப் போற வழியில வந்திட்டம். நேற்று கராஜில அவன்ர பெல்ட்டைக் கழட்டிப் பாத்தனாங்கள், ஒரு இடத்தில உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்து, பல்லு ரெண்டு தேஞ்சு போய்க் கிடக்கு. முதல்தரம் கழட்ட 25 நிமிசம், நாலாம்தரம் 6 நிமிசம். ஒரு கேள்வி மட்டும் அண்ணை, கயிறு எண்டா எவ்வளவு நீளம், எந்தக் கயிறு? அதோட ட்ராக்கே சுத்தாமல் இறுகினா?

சட்பரி_அண்ணை:

6 நிமிசம் நல்லது, கையுறையோடயும் ஒருக்காச் செய்து பாரும். ரெண்டு மெசினுக்கும் இடையில ஒரு 10, 12 அடி இருக்கிற மாதிரிப் பாரும், கிட்ட எண்டா பிரேக் பிடிக்க நேரம் காணாது, கூட நீளமெண்டா வளைவில பின் மெசின் மரத்தைப் போய்த் தட்டும். பொலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணி உறிஞ்சாது, அதால கல்லு மாதிரி உறையாது. நைலோன் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திருப்பி அடிக்கும், உமக்கு அது நல்லாத் தெரியும். முடிச்சு உறைஞ்சா வெட்ட ஒரு கத்தியும் ஜக்கெட்டின்ர வெளிப் பொக்கற்றில இருக்கட்டும்.

ட்ராக் இறுகினா, பெல்ட்டைக் கழட்டிப்போட்டு மெசினின்ர பின்பக்கத்தைத் தூக்கி ட்ராக்கைக் கையால சுத்திப் பாரும். ஐஸ் பிடிச்சதெண்டா தட்ட விடும். செயின்கேசோ பேரிங்கோ உடைஞ்சு இறுகினதெண்டா இழுக்காதையும், ஓரத்தில விட்டிட்டு அடுத்த நாள் நாலு பேரோட சாமான் ஏத்துற பெரிய ஸ்லெட் ஒண்டைக் கொண்டு போய் அதில ஏத்தி வாரும். அதுக்கு ஆள் காணாட்டி இதில எழுதும், சட்பரிக்குக் கிட்ட எண்டா நான் வாறன்.