இரண்டாவது வெட்டிலேயே நின்றுவிடும் பற்றரி கிறைண்டர்: பிழை எங்கே, எதை வாங்குவது?

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் சிறிய வெல்டிங் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பட்டறைக்குள் செய்யும் வேலைக்கு, டிஸ்க் சுழன்று இரும்பை வெட்டும் நான்கு அங்குல வயர் கிறைண்டர்கள் (மின்வயரில் ஓடுபவை) இரண்டும் போதுமாக இருக்கின்றன. ஆனால் இந்த வருடம் வந்த வேலைகளில் பாதி, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் பழைய பல்கனி கிறில்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும் வேலைகளாகவே அமைந்துவிட்டன. கடற்காற்று படும் பக்கத்தில் கிறிலின் கால்கள் உள்ளே முழுவதும் உக்கிப்போய், வெளியே பெயின்ற் மட்டும் தோல்போல நிற்பதைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு வேலை என்பது விளங்கும்.

இப்போது ஆறாம் மாடியில் ஒரு வீட்டை எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு இன்னும் மின் இணைப்புக் கொடுக்கப்படவில்லை. கீழிருந்து படிக்கட்டு வழியாக வயர் இழுப்பதற்குக் கட்டட நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஆகவே, என்னிடம் ஏற்கனவே இருக்கும் 18 வோல்ட் ட்ரில்லின் பற்றரிகள் பொருந்தக்கூடிய 100 மில்லிமீற்றர் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) கிறைண்டர் ஒன்றை, பற்றரி இல்லாமல் வெறும் இயந்திரமாக வாங்கினேன். என்னிடமுள்ள இரண்டு பற்றரிகளும் 2 அம்பியர்-மணி கொள்ளளவுடையவை.

40 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரில் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) முதல் வெட்டு நன்றாகப் போனது. இரண்டாவது வெட்டில், டிஸ்க் பாதித் தூரம் இறங்கியதும், இயந்திரம் சத்தமில்லாமல் நின்று சிறிய சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பற்றரியைக் கழற்றியபோது கையில் வைத்திருக்க முடியாத சூடு. சிறிது நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. விற்ற கடைக்காரர் இயந்திரத்தில் பிழையில்லை என்று சொல்லி, 6 அம்பியர்-மணி என்று அச்சிடப்பட்ட வேறொரு பற்றரியை, அசல் பற்றரியின் விலையில் பாதிக்கும் குறைவாகத் தருவதாகக் கூறுகிறார். இதற்கிடையில், ரொறன்ரோவிலுள்ள சித்தப்பா அடுத்த மாதம் வரும்போது ஒரு முழு செற்றாகவே வாங்கி வருகிறேன் என்கிறார்.

இயந்திரத்தை மாற்றுவதா, பற்றரியை மாற்றுவதா, சித்தப்பாவுக்குக் காத்திருப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தெமட்டகொடையிலிருந்து

தம்பி, முப்பது வருடமாக வயர் கிறைண்டரையே பிடித்தவன் என்பதால் என் பதில் பக்கச்சார்பாகத் தோன்றலாம். நாலு அங்குலக் கிறைண்டர் 230 வோல்ட்டில் மூன்று அம்பியர் அளவே இழுக்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை ஐம்பது மீற்றர் இழுத்தாலும் ஏழு வோல்ட் அளவே இழப்பு, அதை இயந்திரம் உணரவே உணராது. வயர் சுற்றியிருக்கும் உருளையை முழுவதும் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகும். ட்ரிப் சுவிட்ச் உள்ள பிளக்கில்தான் கொடுக்க வேண்டும். நிர்வாகத்திடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். பற்றரிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நல்ல வயர் கிறைண்டர் வாங்கலாம்.

மறுமொழி: மோட்டார் சுற்றுபவர், பஞ்சிகாவத்தை

தெமட்டகொடை அண்ணா சொன்ன கணக்குச் சரியானதே. மின்சாரம் கிடைக்கும் இடத்தில் பற்றரி கிறைண்டரை எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் கேட்டவருக்கு மின்சாரமே இல்லை என்பதால் அவருடைய இயந்திரத்தைப் பார்ப்போம்.

உங்கள் கிறைண்டரில் பிழை இல்லை. கடைக்காரர் அந்தளவில் உண்மையே சொல்லியிருக்கிறார். 18 வோல்ட் பற்றரி என்பது 3.6 வோல்ட் செல்கள் ஐந்தைத் தொடராக இணைத்தது. வெட்டும்போது கிறைண்டர் 600 வாற்று கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், 18 வோல்ட்டில் அது 33 அம்பியர் ஆகிறது. உங்கள் 2 அம்பியர்-மணி பற்றரியில் ஒரே ஒரு வரிசைச் செல்களே இருப்பதால், அந்த 33 அம்பியரும் ஒவ்வொரு செல்லினூடாகவும் போயாக வேண்டும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்தச் செல்களில் நல்லவைகூடப் பெரும்பாலும் 20, 25 அம்பியருக்கு மேல் தொடர்ந்து தரும்படி செய்யப்பட்டவை அல்ல. சுமை ஏறும்போது வோல்ட் சரிகிறது, செல் சூடாகிறது, பற்றரி செத்துப்போகாமல் காப்பதற்காக உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை மின்னைத் துண்டித்துவிடுகிறது. நீங்கள் கண்ட சிவப்பு விளக்கு அதுதான். ட்ரில்லில் இதே பற்றரி நாள் முழுவதும் உழைத்தது உண்மைதான். ட்ரில் இரண்டு மூன்று வினாடி இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும், கிறைண்டர் ஓய்வே கொடுக்காது.

5 அம்பியர்-மணிப் பற்றரியில் அதே பருமனுள்ள செல்கள் இரண்டு வரிசையாக, மொத்தம் பத்து இருக்கும். 33 அம்பியர் இரண்டாகப் பிரிந்து செல்லுக்கு 17 ஆகக் குறைகிறது. கொள்ளளவு இரண்டரை மடங்கு கூடுவது ஒரு நன்மை என்றால், சூடு குறைவது அதைவிடப் பெரிய நன்மை. 21 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமும் உள்ள பெரிய செல்களால் செய்த 4 அம்பியர்-மணி, 8 அம்பியர்-மணிப் பற்றரிகளும் இப்போது வருகின்றன. கிறைண்டருக்கு அவை இன்னும் நல்லவை. ஆகவே கிறைண்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பற்றரியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ட்ரில்லின் கம்பனி இந்தப் பெரிய பற்றரிகளை வைத்திருந்தால் அதிலேயே நில்லுங்கள். ஒரே கம்பனியின் பெயர் இருந்துவிட்டால் பொருந்தும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மகிற்றாவின் 18 வோல்ட் பற்றரி அதன் 40 வோல்ட் வரிசைக்குப் பொருந்தாது. பொஷ்ஷின் பச்சை நிறக் கருவிகளுக்கும் நீல நிறக் கருவிகளுக்கும் 18 வோல்ட் பற்றரி வெவ்வேறு.

கனவுக்கணக்கு வேண்டாம் என்பதற்காக இன்னொன்று. 5 அம்பியர்-மணியை 18 வோல்ட்டால் பெருக்கினால் 90 வாற்று-மணி. 600 வாற்றில் தொடர்ந்து ஓடினால் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். உங்களிடமுள்ளது 36 வாற்று-மணி, அதாவது மூன்றரை நிமிடம். என் அனுபவத்தில், 40 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரை 1 மில்லிமீற்றர் டிஸ்க்கால் வெட்டினால் ஒரு 5 அம்பியர்-மணிப் பற்றரியில் முப்பது வெட்டு அளவில் கிடைக்கும். அதே வேலைக்கு 3 மில்லிமீற்றர் டிஸ்க்கைப் போட்டால் மூன்று மடங்கு இரும்பைத் தூளாக்குவதற்குப் பற்றரிதான் கூலி கொடுக்கிறது. நீங்கள் எந்த டிஸ்க்கைப் பயன்படுத்தினீர்கள் என்பதை எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அந்த மலிவான 6 அம்பியர்-மணிப் பற்றரியை வாங்குவதற்கு முன், கடையில் உள்ள தராசில் வைத்துப் பாருங்கள். சிறிய செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். பத்துச் செல்லுக்கே 450 கிராம், மேலுறையும் பலகையும் சேர்ந்தால் 600 கிராமைத் தாண்ட வேண்டும். 400 கிராம் காட்டினால் உள்ளே ஐந்து செல்தான், மேலே எதை அச்சிட்டிருந்தாலும் சரி. 48, 88, 188 என்று பெரிய எண்களைப் போட்டு விற்கப்படும் மலிவு செற்றுகளின் கதையும் இதுவே. அவற்றின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான். எண்ணைப் பெரிதாக்குவதற்கு மைச் செலவு மட்டும்.

மறுமொழி: ரொறன்ரோவில் எட்டு வருடம் இருந்து திரும்பியவர், பம்பலப்பிட்டி

சித்தப்பாவைத் தடுக்க வேண்டாம், ஆனால் முழு செற்றாக வாங்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

கனடாச் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு உரியது. இங்கே பிளக்கை மாற்றிச் சொருகினால் ஒரு நொடியில் புகைந்துவிடும். நானே ஒன்றைப் புகைத்திருக்கிறேன். சார்ஜரை மட்டும் இங்கே 230 வோல்ட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்கும் பற்றரிக்கும் நாட்டு வேறுபாடு இல்லை. அங்கே "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இங்குள்ள 18 வோல்ட்டைவிடப் பலமானது என்று எண்ண வேண்டாம்; முழுச் சார்ஜில் சுமையில்லாமல் அளந்த எண்ணை அவர்கள் அச்சிடுகிறார்கள், செல்கள் அதே ஐந்து.

பற்றரிகளைக் கையோடு கொண்டுவரும் பையில்தான் வைக்க வேண்டும். தனிப் பற்றரியைச் சரக்குப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். 100 வாற்று-மணி வரை சாதாரணமாக அனுமதி உண்டு என்பதால் 5 அம்பியர்-மணிப் பற்றரி 90 வாற்று-மணியோடு தப்பிவிடும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டே. 9 அம்பியர்-மணிப் பற்றரி 162 ஆகிவிடுவதால் அதை நினைக்கவே வேண்டாம். முனைகளின்மேல் ரேப் ஒட்டிக்கொண்டுவரச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத இடம் கிறைண்டரின் அச்சு. அங்கே சிறிய கிறைண்டர் என்றால் நாலரை அங்குலம். அச்சின் மரை எட்டில் ஐந்து அங்குலம். இங்குள்ள நாலு அங்குலக் கிறைண்டரின் மரை 10 மில்லிமீற்றர், ஐந்து அங்குலத்துக்கு 14 மில்லிமீற்றர். இங்கே மரையோடு வரும் கம்பிப் பிரஷ், கப் டிஸ்க் எதுவும் அந்தக் கனடா அச்சில் ஏறாது. வெட்டும் டிஸ்க்கிலும் சிக்கல் உண்டு: நாலு அங்குல டிஸ்க்கின் துளை 16 மில்லிமீற்றர், அங்கே வேண்டியது 22 மில்லிமீற்றர் துளையுள்ள 115 மில்லிமீற்றர் டிஸ்க். பழைய சோனகத் தெருவில் தேடினால் கிடைக்கும், ஆனால் தெஹிவளையில் பின்னேரம் டிஸ்க் முடிந்துபோனால் முடிந்ததுதான். கிறைண்டரை இங்கேயே வாங்கி, பற்றரியை மட்டும் அங்கிருந்து எடுப்பிப்பது நல்லது என்பது என் எண்ணம். உத்தரவாதமும் பொதுவாக வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பஞ்சிகாவத்தை அண்ணாவின் சந்தேகம் சரி. பட்டறையில் மிச்சமிருந்த 3 மில்லிமீற்றர் டிஸ்க்கைத்தான் போட்டிருந்தேன்.

நேற்று அந்தக் கடைக்குப் போய், பக்கத்திலிருந்த ஆணி நிறுக்கும் தராசில் 6 அம்பியர்-மணிப் பற்றரியை வைக்கச் சொன்னேன். 392 கிராம் காட்டியது. கடைக்காரர் தராசைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார், 392. அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு கடையில் என் ட்ரில் கம்பனியின் அசல் 5 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை வாங்கிவிட்டேன், இன்னொன்றை சித்தப்பா கொண்டுவருவார்.

இன்னொரு கேள்வி. பற்றரி கிறைண்டர் என் வயர் கிறைண்டரைவிட மெதுவாக வெட்டுவதுபோல் தோன்றுகிறது. மோட்டார் பலவீனமா? பட்டறையிலிருந்து 125 டிஸ்க் ஒன்றைக் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் போட்டால் வேகம் கூடுமா?

மறுமொழி: மோட்டார் சுற்றுபவர், பஞ்சிகாவத்தை

மூடியைக் கழற்றுவதைப் பற்றி மறுபடி எழுதாதீர்கள், தம்பி. 1 மில்லிமீற்றர் டிஸ்க் வெட்டுக்குள் சற்றுத் திரும்பினாலே சிதறும். பிடித்திருப்பவருடைய முகத்துக்கும் அந்தத் துண்டுகளுக்கும் நடுவில் இருப்பது அந்த மூடி ஒன்றுதான்.

மெதுவாகத் தோன்றுவது உண்மை, காரணம் மோட்டார் அல்ல. 18 வோல்ட் கிறைண்டர்கள் பல நிமிடத்துக்கு 8,500 சுற்றே சுற்றுகின்றன. உங்கள் வயர் கிறைண்டர் 11,000 சுற்றும். வெட்டுவது டிஸ்க்கின் விளிம்பு என்பதால் விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 100 மில்லிமீற்றர் டிஸ்க்கு 11,000 சுற்றில் வினாடிக்கு 57 மீற்றருக்கு மேல் ஓடுகிறது, 8,500 சுற்றில் 44 மீற்றரே. 125 மில்லிமீற்றர் டிஸ்க்குக்கென்றே செய்த கிறைண்டர் அதே 8,500 சுற்றில் ஏறத்தாழ 56 மீற்றரைத் தொட்டுவிடும். நீங்கள் வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் 125 ஐயே சொல்லியிருப்பேன். இப்போது இருப்பதை வைத்துக்கொண்டு, அழுத்தாமல் வெட்டுங்கள். அழுத்தினால் சுற்று விழும், அம்பியர் ஏறும், பற்றரி சூடாகும். பொக்ஸ் பாரில் தட்டையான பக்கத்தைத் தொடாமல் மூலையில் தொடங்கினால் டிஸ்க் எந்நேரமும் மெல்லிய சுவரை மட்டுமே வெட்டும்.

டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் திகதி. டிஸ்க்கின் தூளைப் பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தில் பலமிழந்துவிடும், கொழும்பு ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. புதிய கிறில் துருப்பிடிக்காத எஃகு என்றால் அதற்குத் தனி டிஸ்க் வைத்திருங்கள். சாதாரண இரும்பை வெட்டிய டிஸ்க்கால் அதைத் தொட்டால், ஒரு மழைக்காலத்துக்குள் வெட்டிய இடம் துருப்பிடித்து, வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார்.

மறுமொழி: தெமட்டகொடையிலிருந்து

நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் பற்றரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாதத்துக்கு நாலு வீடு என்றால் கிறைண்டரோடு நின்றுவிடாமல், பற்றரியில் ஓடும் சிறிய பட்டை வாள் (வளையமான அலகு ஓடி அறுப்பது) ஒன்றையும் பாருங்கள். மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் பொறி இல்லை, தூளும் குறைவு, ஒரு பற்றரியில் கிறைண்டரைவிட எவ்வளவோ கூட வெட்டலாம். சுவரோடு ஒட்டிய காலுக்கு மட்டும் அது நுழையாது. அங்கே கிறைண்டர்தான் கதி. மருமகனிடம் ஒன்று இருக்கிறது, நான் சிரித்தேன், இப்போது இரவல் வாங்குகிறேன்.

கேட்டவர்

இன்று 1 மில்லிமீற்றர் டிஸ்க்கும் புதிய பற்றரியுமாக ஆறாம் மாடியில் மிச்சமிருந்த இருபத்திரண்டு கால்களையும் வெட்டி முடித்தேன். ஒரு தடவையும் நிற்கவில்லை, பற்றரியில் சார்ஜ் காட்டும் விளக்குகளில் ஒன்று மிச்சமிருந்தது, பற்றரி இளஞ்சூடுதான். ஆனால் ஐந்தாம் மாடிக்காரருடைய பல்கனிக் கண்ணாடியில் பொறி விழுந்து சிறிய கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன, துடைத்தால் போகவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி: மோட்டார் சுற்றுபவர், பஞ்சிகாவத்தை

போகாது. சூடான இரும்புத் துகள் கண்ணாடிக்குள் உருகி ஒட்டியிருக்கும். சுரண்டினால் குழியும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாம் மாடிக்காரரிடம் நீங்களாகவே போய்ச் சொல்லி, கண்ணாடியின் விலையைக் கேளுங்கள். அடுத்த வீட்டில், வெட்டுவதற்கு முன் நனைத்த சாக்கு இரண்டைக் கீழ்ப்பக்கம் தொங்கவிட்டு, பொறி உள்ளே தரையை நோக்கிப் பாயும்படி நின்றுகொள்ளுங்கள். தரையில் ஓடு இருந்தால் அதற்கும் ஒரு சாக்கு.