மஞ்சள் வட்டம் போட்ட பானம் என்றால் குடிக்கலாம்தானே?

கொழும்பு06:
பானப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் வட்டம் சிவப்பு என்றால் எடுப்பதில்லை, மஞ்சள் என்றால் மட்டும் ஒரு 500 மில்லி போத்தல். பிஸ்கட் என்றால் குரக்கன் (கேழ்வரகு). மத்தியானம் கடைச் சோத்துப் பார்சல். இவ்வளவு பார்த்தும் எடை இறங்கவில்லை. மூளை எங்கே ஏமாறுது?

சீனிக்கணக்கு:
முதல் ஏமாற்றம் நிறத்தில். 2016இல் இலங்கையில் வந்த அந்த வட்டம் 100 மில்லிக்குத்தான் கணக்கு: 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் கீழ் பச்சை, நடுவில் எல்லாம் மஞ்சள். 7.5 கிராமும் மஞ்சள்தான். 500 மில்லியில் அது 37.5 கிராம், ஏழரைத் தேக்கரண்டி! 12 கிராம் போட்ட சிவப்புப் பக்கெட் 200 மில்லி என்றால் 24 கிராம். நீங்கள் தவிர்த்ததை விட எடுத்ததில் ஒன்றரை மடங்கு. உலக சுகாதார அமைப்பு சொல்வதோ 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள், 25 என்றால் இன்னும் நல்லது. நிறத்தைத் தீர்ப்பாக எடுப்பது ஒரு பிழை, திறந்த போத்தலை முடித்தே ஆக வேண்டும் என்பது அடுத்த பிழை. 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று வாசித்து, போத்தலில் எத்தனை 100 மில்லி இருக்கோ அதால் பெருக்கிப் பாருங்கோ.

மாவும்_மரக்கறியும்:
குரக்கன் பிஸ்கட்டுக்கு: முன்பக்கத்தைப் பெருவிரலால் மறைத்துவிட்டு, பின்பக்கத்தில் சேர்பொருட்களின் முதல் மூன்றை வாசியுங்கோ. எடை கூடினது முதலில் வரும். கோதுமை மா, சீனி, எண்ணெய்க்குப் பிறகுதான் குரக்கன் என்றால் அது சாதாரண பிஸ்கட். ஒரு நல்ல சொல் முழுப் பொருளையும் நல்லதாகக் காட்டுது. "நல்லதுதானே" என்று இரண்டு பிஸ்கட் எட்டாகும்.

பார்சல்_பிரி:
பார்சல்தான் பெரிய விஷயம். சோற்றின் அளவைத் தீர்மானிக்கிறது கடைக்காரரின் அகப்பை. பிரித்ததும் அதுதான் "ஒரு சாப்பாடு" என்று மனம் பிடித்துக்கொள்ளும், காசு குடுத்ததால் மிச்சம் வைக்கவும் மனம் வராது. கறியைக் குழைத்த பிறகு பிரிக்க ஏலாது. அதனால் முதல் வாய்க்கு முன்னமே, வெறும் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டியில் போட்டு மூடுங்கோ. பருப்பும் கீரையும் அப்படியே இருக்கட்டும்.

ஓடரைக் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு குடுங்கோ. 1998இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஊழியர்கள் பற்றிய ஆய்வில், பசியோடு இருக்கும் நேரத்தில் தெரிவு செய்தவர்கள் கொழுப்பும் இனிப்பும் கூடினதையே அதிகம் எடுத்தார்கள். சோற்றை முழுதாக விடவும் வேண்டாம். விட்டால், நாலு மணிக்கு ரோல்ஸும் மாலு பாணும் (மீன் பணிஸ்) அந்த இடத்தைப் பிடிக்கும்.

கொழும்பு06:
பெருக்கிப் பார்த்தேன், அலுவலகத்தில் எடுக்கிற போத்தலில் மட்டும் 34 கிராம். நாளைக்குப் பெட்டியோடு போறேன். நன்றி.