முதல் சீசனிலேயே மேடை ஏறுவேன் என்று நம்பும் புதிய ஓட்டுநருக்கு பார்முலா 1 எந்த இடத்தில் கடினமாகிறது?

மஞ்சக்குப்பம் வாசகர் (கடலூர்) கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். என் அக்கா மகன் கோயம்புத்தூரில் தங்கிப் படித்துக்கொண்டே கார்ட்டிங் போட்டிகளில் ஓட்டி வருகிறான். விடுமுறைக்குக் கடலூர் வந்தால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. என்றாவது ஒரு நாள் பார்முலா 1 காரில் உட்கார வைத்தால் முதல் ஆண்டிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறிக் காட்டுவேன் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறான். அத்திம்பேருக்கு இது ஆணவமாகத் தெரிகிறது, கண்டிக்கிறார். எனக்கோ, அப்படி நம்பாத ஒருவன் 300 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை நெருங்கும்போது பிரேக்கைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடவே மாட்டான் என்று தோன்றுகிறது.

லூயிஸ் ஹாமில்டன் 2007-இல் தன் முதல் பந்தயத்திலேயே மூன்றாம் இடம் பிடித்து, தொடர்ந்து ஒன்பது பந்தயங்களில் மேடை ஏறினார். சாம்பியன் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் கிமி ரைக்கோனனிடம் இழந்தார். ஹாமில்டன் விட்டுச்சென்ற மெர்சிடிஸ் அணியின் இருக்கைக்கு 2025-இல் வந்த புதிய ஓட்டுநர் ஆன்டனெல்லியும் அசாதாரணத் திறமை உள்ளவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஐரோப்பியப் பந்தயங்கள் நடந்த மாதங்களில் அவர் பெரிதும் தடுமாறினார். கீழ்நிலைப் பந்தயங்களில் நிரூபித்துவிட்டு வந்த ஒருவருக்கு மேலே போனதும் கற்க என்ன மிச்சம் இருக்கிறது? அவருடைய தன்னம்பிக்கை அங்கே துணை நிற்கிறதா, குறுக்கே நிற்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் என் அக்கா மகனிடமும் காட்டுவேன்.

லாஸ்பேட்டை பொறியாளர் (புதுச்சேரி) எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. நீங்கள் பிரேக்கைக் குறிப்பிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் புதியவர்கள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் நேர்சாலையில் அல்ல, பிரேக் மிதிக்கும் அந்தச் சில பத்து மீட்டர்களில்தான்.

பார்முலா 1 காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் பாதியானால் அந்த விசை கால்வாசியாகிவிடும். ஆகவே ஓட்டுநர் மிதித்த முதல் கணத்தில் முழு பலத்தையும் கொடுக்கலாம், டயர் தாங்கும். ஆனால் கார் வேகம் இழக்க இழக்க, பிடிப்பு குறையும் அதே அளவில் காலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்; சிறிது தாமதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு, உருளாமல் வழுக்கும். ஒரு படி கீழே உள்ள பார்முலா 2 காரிலும் இதே விதிதான் என்றாலும் அங்கே காற்று அழுத்திப் பிடிக்கும் விசை குறைவு, அதனால் தவறுக்கான இடைவெளி அதிகம். அதோடு பார்முலா 1 காரின் பின் சக்கரங்களை மின்மோட்டாரும் இழுத்துப் பிடித்து ஆற்றலைச் சேமிக்கிறது. 2014 முதல் பின் பிரேக்கின் அழுத்தத்தை ஓட்டுநரின் கால் மட்டும் தீர்மானிப்பதில்லை, கணினியும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பின் பக்கம் எப்போது எவ்வளவு பிடிக்கும் என்பது உடம்பில் பதியும்வரை, எவ்வளவு துணிச்சல் இருந்தாலும் ஓட்டுநர் ஒரு சிறு எச்சரிக்கையோடுதான் மிதிப்பார். அந்த எச்சரிக்கை ஒரு வளைவுக்கு நூறில் சில பங்கு நொடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்று முடிவதற்குள், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்திலேயே வெளியேறப் போதுமானதாகிவிடும்.

அடுத்தது டயர். பைரெல்லி டயர் குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் மட்டுமே முழுப் பிடிப்பைத் தரும். தகுதிச்சுற்றுக்கு முந்தைய சூடேற்றும் சுற்றை மெதுவாக ஓட்டினால் முதல் வளைவில் டயர் குளிர்ந்திருக்கும். வேகமாக ஓட்டினால் கடைசி வளைவுகளில் சூடு மிஞ்சி வழுக்கும். போதாக்குறைக்கு முன்னாலும் பின்னாலும் மற்ற கார்கள் இடம் பார்த்து ஊர்ந்துகொண்டிருக்கும். இதைத் தரவுகளைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்ளலாம், ஆனால் கை பழகுவது ஓடி ஓடித்தான்.

அந்த ஓட்டம்தான் இன்றைய புதியவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஹாமில்டன் வந்த காலத்தில் சோதனை ஓட்டங்கள் தாராளமாக நடந்தன. முதல் பந்தயத்துக்கு முன்பே அவர் அந்தக் காரில் பெருந்தூரம் ஓடிமுடித்திருந்தார். 2009-இலிருந்து சீசனுக்கு இடையிலான சோதனை ஓட்டங்கள் தடைசெய்யப்பட்டன. 2025 சீசனுக்கு முன் பஹ்ரைனில் நடந்த சோதனை வெறும் 3 நாட்கள், அதிலும் அணிக்கு ஒரு கார். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை நாள். பழைய கார்களில் தனியே ஓடிப் பார்க்கலாம், சிமுலேட்டரில் உட்காரலாம். ஆனால் பயத்தையும் கழுத்து வலியையும் சிமுலேட்டர் கற்றுத்தராது. 2024-இல் பெராரி ஓட்டுநர் சயின்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்ததால் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் அவருடைய காரில் திடீரென்று ஏறிய ஆலிவர் பேர்மன், ஒரே ஒரு பயிற்சி அமர்வுக்குப் பிறகு தகுதிச்சுற்றில் 11-ஆம் இடமும் பந்தயத்தில் 7-ஆம் இடமும் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 18. இறங்கியபோது அவர் கழுத்து ஓய்ந்துபோயிருந்தது.

வெள்ளிக் கடற்கரை (தேவனாம்பட்டினம்) எழுதியது:

பொறியாளர் சொன்ன ஓட்டத் தூரத்துக்கு வரலாற்றிலேயே ஒரு தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கார்ட் (CART; கார்ட்டிங் அல்ல) கார் பந்தயத் தொடரில் சாம்பியனாகிவிட்டு, இருவருமே மிகுந்த நம்பிக்கையோடு பார்முலா 1-க்கு வந்தவர்கள் மைக்கேல் ஆண்ட்ரெட்டியும் ஜாக் வில்நவ்வும். ஆண்ட்ரெட்டி 1993-இல் மெக்லாரன் அணியில் உலக சாம்பியன் செனாவுக்கு இணை ஓட்டுநராக வந்தார். அமெரிக்காவிலேயே குடியிருந்துகொண்டு பந்தயங்களுக்கு மட்டும் பறந்து வந்து போனார். தொடர் மோதல்கள், பாதியில் விலகல்கள். இத்தாலியின் மோன்சாவில் மூன்றாம் இடம் பிடித்த கையோடு, சீசன் முடியும் முன்பே விடைபெற்றார். வில்நவ் 1996-இல் வில்லியம்ஸ் அணிக்கு வந்தார். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் அணி அவரைச் சோதனை ஓட்டங்களில் ஓடவிட்டது. மெல்போர்னில் தன் முதல் தகுதிச்சுற்றிலேயே முதலிடம், பந்தயத்தில் இரண்டாம் இடம், நான்காவது பந்தயத்தில் வெற்றி. மறு ஆண்டு உலக சாம்பியன். இருவருக்கும் திறமையில் இருந்த இடைவெளியைவிடத் தயாரிப்பில் இருந்த இடைவெளி பெரிது என்பதே என் கருத்து.

ஆயினும் ஓட்டத் தூரம் மட்டுமே காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. செபாஸ்தியன் போர்தே அதே அமெரிக்கத் தொடரில் 2004 முதல் 2007 வரை நான்கு முறை தொடர்ச்சியாக சாம்பியன். 2008-இல் பார்முலா 1-இன் டோரோ ரோசோ அணியில் ஒரு முழு சீசன் ஓடினார். அதே காரில் அவரைவிட வயதில் சிறியவரான வெட்டல் மோன்சாவில் மழையில் வென்றார். போர்தே 2009-இன் நடுவில் நீக்கப்பட்டார். வென்று வென்று படிந்துபோன ஓட்டும் முறை ஒருவருக்குக் கோட்டையாகவும் இருக்கும், சிறையாகவும் இருக்கும். புதிய கார் வேறு முறையைக் கேட்கும்போது, என்னுடைய முறையே சரி என்று பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கையைத்தான் நான் அஞ்சுகிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர் (கடலூர்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஆன்டனெல்லி 2025-இல் மெல்போர்னில் 16-ஆம் இடத்திலிருந்து தொடங்கி 4-ஆவதாக வந்தார், மயாமியில் ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயத்துக்கான தகுதிச்சுற்றில் முதலிடம், கனடாவில் மேடை. ஓட்டத் தூரம் கூடக் கூட முன்னேறத்தானே வேண்டும்? பிறகு ஏன் பெல்ஜியத்தின் ஸ்பாவில் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தைக்கூடத் தாண்ட முடியாமல் போனது?

குருசுக்குப்பம் (புதுச்சேரி) எழுதியது:

அதற்கான பதிலில் பாதி காரிலேயே இருந்தது. மெர்சிடிஸ் ஐரோப்பியப் பந்தயங்களின்போது பின் பக்கத்துக்குப் புதிய சஸ்பென்ஷன் ஒன்றைக் கொண்டுவந்தது. அது காரின் பின் பக்கத்தை நம்ப முடியாததாக்கியது. அவருடைய இணை ஓட்டுநரான அனுபவமிக்க ரஸல் அதைச் சமாளித்து ஓட்டினார். ஆன்டனெல்லிக்கு வளைவில் நுழையும்போது கார் என்ன செய்யும் என்ற நிச்சயம் போய்விட்டது. ஹங்கேரியில் அணி பழைய அமைப்புக்கே திரும்பியது. சீசனின் கடைசிக் கட்டத்தில், பிரேசிலில் அவர் ஸ்பிரிண்டிலும் பந்தயத்திலும் இரண்டாம் இடம் பிடித்தார். எனவே தன்னம்பிக்கை என்று நாம் பேசும்போது இரண்டைக் கலந்துவிடக் கூடாது: என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒன்று, இந்தக் கார் நான் நினைத்தபடி நடக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. ஆன்டனெல்லியிடம் குறைந்தது இரண்டாவதுதான். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதன் குறையை மூடப் பார்த்தால் கார் சரளைக்கல்லில்தான் நிற்கும். 2024-இல் மோன்சாவில் தன் முதல் பயிற்சி அமர்வில் பத்து நிமிடத்துக்குள் அவர் சுவரில் மோதியதும் அப்படித்தான் என்பது என் கணிப்பு. டயர் தர முடிந்ததைவிட அதிகமாக அவர் அன்று கேட்டார். மறுநாளே அணி அவரை 2025-க்கான ஓட்டுநராக அறிவித்தது. அந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மோதிய பையனுக்கு அதைவிடப் பெரிய ஆதரவு வேறு எதுவும் இருந்திருக்காது.

எங்கள் உறவினர்கள் பலர் பிரான்சில் இருப்பதால் எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஓட்டுநர் ஐசக் ஹஜாருக்குத்தான் ஆதரவு அதிகம். 2025 மெல்போர்னில் பந்தயம் தொடங்கும் முன்பே, அணிவகுப்புச் சுற்றில், ஈரத் தரையில் காரை மோதி நிறுத்திவிட்டு அழுதுகொண்டே நடந்து வந்தார். ஹாமில்டனின் தந்தை ஆண்டனி அவரைத் தோளோடு அணைத்துத் தேற்றியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் மூன்றாம் இடம் பிடித்து மேடை ஏறினார். ஆனால் அந்தக் கால அவகாசம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அல்பைன் அணியில் ஜாக் டூஹனுக்கு ஆறு பந்தயங்களோடு இருக்கை பறிபோனது. ரெட் புல் அணியில் லியாம் லாசன் இரண்டே பந்தயங்களில் இறக்கப்பட்டார். இரண்டு பந்தயங்களில் யாரும் எதையும் கற்க முடியாது. இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை.

நெய்வேலி மார்ஷல் எழுதியது:

தம்பி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தன்னார்வ மார்ஷலாகப் பல ஆண்டுகள் கொடி பிடித்து நின்றவன் என்ற முறையில் உங்கள் அக்கா மகனைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் மாநிலத்திலிருந்து பார்முலா 1 வரை போன இருவரும் எளிதான இருக்கையில் உட்காரவில்லை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2001-இல் ஜாகுவார் காரைச் சோதனை ஓட்டத்தில் ஓட்டினார். அப்படி ஓட்டிய முதல் இந்தியர் அவர். பந்தய இருக்கை கிடைத்ததோ 2005-இல், அதுவும் பின்வரிசையில் போராடிக்கொண்டிருந்த ஜோர்டன் அணியில். சென்னையின் கருண் சந்தோக் 2010 பஹ்ரைனில் எச்ஆர்டி அணிக்காக அறிமுகமானபோது கார் முழுதாகத் தயாராகவே இல்லை. பயிற்சி அமர்வுகள் அனைத்தும் கைநழுவின. அந்தக் காரில் அவர் ஓடிய முதல் சுற்றே தகுதிச்சுற்று. தன்மீது அசையாத நம்பிக்கை இல்லாதவர் அந்தச் சூழ்நிலையில் காரில் ஏறியே இருக்க மாட்டார். ஆகவே பையனின் பேச்சை அடக்க வேண்டாம் என்று உங்கள் அத்திம்பேரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவன் ஓடிமுடித்துத் தலைக்கவசத்தைக் கழற்றியதும் என்ன பேசுகிறான்? சில பையன்கள் கார் சரியில்லை, டயர் சரியில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். சிலர் மட்டும், இரண்டாவது வளைவில் காலைத் தளர்த்தும்போது பின் சக்கரம் ஒரு முறை விலகியது, அதற்குப் பிறகு மூன்று சுற்றுகள் நான் முன்னதாகவே பிரேக் பிடித்தேன் என்று இடம், கணம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மேல்நிலைப் பந்தயத்தில் ரேஸ் இன்ஜினியருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாம் வகைப் பேச்சுதான். உணரிகள் காரில் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், ஓட்டுநர் எந்த இடத்தில் காரை நம்பவில்லை என்பதை எந்த உணரியும் சொல்லாது. முன்னதாகவே பிரேக் பிடித்தேன் என்று வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் உண்மையான தன்னம்பிக்கை வேண்டும். அதைச் சொல்லும் பையன் மேடை ஏறுவேன் என்றும் சேர்த்துச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்று, இப்போதே கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி தொடங்கச் சொல்லுங்கள். பார்முலா 1-இல் பிரேக்கிலும் வளைவிலும் தலையின் எடை ஐந்து மடங்குவரை கூடித் தெரியும், அந்த வலு ஒரே குளிர்காலத்தில் வந்துவிடாது. பார்முலா 2 காரில் பவர் ஸ்டீயரிங்கூட இல்லாததால் அந்தப் படியிலேயே தோள் இறுகிவிட வேண்டும். வெயிலையும் ஒதுக்க வேண்டாம்; நம் ஊர் மே மாதப் பிற்பகலில், மருத்துவரிடம் கேட்டு, நீர் அளவோடு படிப்படியாகப் பழகுவது சிங்கப்பூர் போன்ற பந்தயங்களுக்கு நல்ல அடித்தளம். இருங்காட்டுக்கோட்டைக்கு அவனை அழைத்து வருவதானால், போட்டி நாளைவிடப் பயிற்சி ஓட்ட நாளாகப் பார்த்து வாருங்கள். வேகமான ஓட்டுநர் ஒருவர் அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே வளைவுக்கு எங்கெங்கே பிரேக் பிடிக்கிறார் என்று அவனையே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.