2014 போர்ஷே 911 கரேரா எஸ், ஓடியது 11,200 கி.மீ. எதைப் பார்த்து விலை பேசுவது?

தண்டையார்பேட்டை ட்வின்கேம்

வணக்கம் மக்களே. 991 தலைமுறை கரேரா எஸ், 3.8 லிட்டர், பிடிகே (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், 2014 மாடல். மீட்டரில் 11,200 கி.மீ. காட்டுகிறது. பிஒய் 01 (பாண்டிச்சேரி) பதிவு, ஒரு கம்பெனி பெயரில் இருக்கிறது. லோன் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே நிற்கிறது. வண்டி ஐந்து வருடமாக மாதவரத்தில் ஒரு குடோனில் கவர் போட்டு நிற்கிறது. வாரா வாரம் ஸ்டார்ட் செய்து வைத்தோம் என்கிறார்கள். கேட்கும் விலை 85 லட்சம்.

என் கேள்விகள்: கி.மீ. உண்மைதானா என்று எப்படி உறுதி செய்வது? நின்ற வண்டிக்கு என்னென்ன செலவு வைக்கும்? தமிழ்நாட்டு எண்ணான டிஎன் 03-க்கு மாற்றுவது எவ்வளவு சிக்கல்? இரண்டு மூன்று வருடத்தில் திரும்ப விற்பதாக இருந்தால் இப்போதே எதையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும்? 911-இல் ஐஎம்எஸ் (எஞ்சினுக்குள் இருக்கும் இடை ஷாஃப்ட்) பேரிங் போகும் என்று பயமுறுத்துகிறார்களே, அது இதற்கும் உண்டா?

ஃப்ளாட் சிக்ஸ்

ஐஎம்எஸ் பயத்தை முதலில் விடுங்கள். அது முந்தைய தலைமுறைகளான 996, 997 முதல் பாதி வண்டிகளின் தலைவலி. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது, 991-இல் இருப்பதும் அந்த எஞ்சின் குடும்பம்தான்.

கி.மீ. விஷயத்துக்கு மீட்டரை நம்பவே வேண்டாம். போர்ஷே சென்டரில் பிவிஸ் என்ற சோதனைக் கருவியை மாட்டி டிஎம்இ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் இருக்கும். கி.மீ.யை மணியால் வகுங்கள். சென்னைக்குள் ஓடிய வண்டிக்கு மணிக்கு 20 முதல் 30 வந்தால் நியாயம். 11,200 கி.மீ.க்கு 450 மணி என்றால் கிட்டத்தட்ட 25, சரி. 1,900 மணி என்று வந்தால் 6 கூட தேறாது. அந்த வேகத்தில் எவனும் 911 ஓட்டியிருக்க மாட்டான், மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். சும்மா நிறுத்தி ஐடிலிங் விட்டிருந்தாலும் சராசரி இறங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பிடிகே மாட்யூல் மாதிரி மற்ற கம்ப்யூட்டர்களும் கோளாறு பதிவாகும்போது கி.மீ.யைக் குறித்து வைக்கும். மீட்டரை மட்டும் திருத்தினவன் அங்கே மாட்டுவான்.

அதே ரிப்போர்ட்டில் ஓவர்ரெவ், அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்ற கணக்கு, ஆறு ரேஞ்சாகப் பிரித்திருக்கும். மேனுவல் கியர் வண்டி என்றால் 4, 5, 6 ரேஞ்சில் எண் இருந்தாலே யோசிக்க வேண்டும். பிடிகே தப்பான கியரை இறக்க விடாது, அதனால் இங்கே அது பூஜ்யமாக இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு மணிக்கணக்குதான் முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1114 என்றால் 2014-இன் 11-ஆவது வாரம். அந்த டயரே இன்னும் கிடந்தால் கி.மீ. உண்மை என்பதற்கு அது நல்ல சாட்சி, ஓட்டுவதற்கு மட்டும் லாயக்கில்லை. எஸ்-க்கு முன்னால் 245/35 ஆர்20, பின்னால் 295/30 ஆர்20. போர்ஷே அங்கீகரித்தது என்பதைக் காட்டும் 'N' குறி உள்ளதாகத் தேடுங்கள். நாலுக்கும் இரண்டு லட்சம் ஒதுக்கி வைக்கலாம்.

பெயிண்ட் பார்க்கக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 991-இன் கதவு, முன் மூடி, ஃபென்டர், கூரை எல்லாம் அலுமினியம், காந்தம் ஒட்டாது. இரும்பு, அலுமினியம் இரண்டின் மேலும் பெயிண்ட் தடிமனை அளக்கும் கேஜ் வேண்டும். 100 முதல் 160 மைக்ரான் கம்பெனி பெயிண்ட். 300-ஐத் தாண்டினால் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பம்பர் பிளாஸ்டிக், அங்கே கேஜ் பேசாது.

நாள்பட்டு நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு வாய் புகை விட்டால் பதற வேண்டாம். சிலிண்டர் படுத்த எஞ்சின், எண்ணெய் கொஞ்சம் இறங்கி நிற்கும். சூடான பிறகும் நீலப்புகை, ஒரு பக்க சைலன்சர் வாயில் மட்டும் எண்ணெய்ப் பசையோடு கரி, கூடவே டக் டக் சத்தம் என்றால் சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கலாம். பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சின்ன கேமரா) விடாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எப்படியும் பிளக் மாற்றும் வயதுதான்: 60,000 கி.மீ. அல்லது நாலு வருடம், எது முதலில் வருகிறதோ அது.

எண்ணூர் உப்புக்காத்து

"வாரா வாரம் ஸ்டார்ட் செய்தோம்" என்பது நல்ல செய்தியே இல்லை. அஞ்சு நிமிஷம் ஐடிலிங்கில் எண்ணெய் சூடேறாது. எரிந்த பெட்ரோலின் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் 90 டிகிரி தொட்டு அரை மணி நேரம் ஓடினால்தான் அது ஆவியாகும். முடியாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாமல் பேட்டரிக்கு மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் காக்கும் சார்ஜர்) மாட்டி வைப்பது மேல்.

991-இல் டிப்ஸ்டிக் கிடையாது. எண்ணெய் அளவை மீட்டர் திரையில்தான் பார்க்க முடியும், அதுவும் எஞ்சின் சூடான பிறகு.

அடுத்தது கன்டென்சர். எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டரும் ஏசி கன்டென்சரும் முன் பம்பரின் இரண்டு ஓரத்தில் இருக்கின்றன. காற்று வரும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலை, தூசி, பாலிதீன் அடைந்து ஈரமாகவே கிடந்தால் அதற்குப் பின்னால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிரும். நம் பக்கக் கடற்காற்றுக்கு இது சீக்கிரம் நடக்கும். வாங்கிய பிறகு பம்பரைக் கழற்றி, அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவுவதை வருட வேலையாக வையுங்கள்.

குடோன் என்றால் எலி. பின் மூடியைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். கூடு, புழுக்கை, கடித்த ஒயர் எது இருந்தாலும் விலை இறங்கும். ஒயரிங் ஹார்னஸ் போனால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி அந்த ஷெட்டில்தானே இருந்தது? தண்ணீர் ஏறியதா என்று வாட்ச்மேனைக் கேட்பதோடு விடாதீர்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் ரெயில் போல்ட்டில் துரு, முன் டிக்கியின் பாயைத் தூக்கினால் மண், கார்பெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் கனமாக இருப்பது, இவைதான் சாட்சி. கார்பெட்டின் மேல்பக்கத்தை எவனும் ஷாம்பு போட்டுக் காய வைத்துவிடுவான்.

உங்கள் வீட்டில் நிறுத்தும்போது: மணலி, எண்ணூர் பக்கமிருந்து வந்து படியும் சாம்பலைத் துணியால் துடைக்கவே கூடாது, தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகுதான் கை வைக்க வேண்டும். வெளியில் நிறுத்திக் கவர் போட்டால் கடற்காற்றில் அது ஆடி ஆடி பெயிண்டைத் தேய்க்கும். பெட்ரோல் விஷயத்தில், இந்த வண்டி 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கும், பங்க்கில் இப்போது 20. மாதக்கணக்கில் நிற்கப் போகும் டேங்குக்கு எத்தனால் கலக்காத எக்ஸ்பி100 (இந்தியன் ஆயிலின் உயர்ரக பெட்ரோல்) போடுங்கள்.

படிவம் முப்பது

வண்டியை விட உங்கள் பேப்பர்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

முதலில் ஹைப்பாதிகேஷன், அதாவது ஆர்சியில் நிற்கும் பேங்க் அடமானம். லோன் முடிந்தது என்ற பேச்சு போதாது. பேங்க்கிடம் புதிதாக என்ஓசி வாங்கி, படிவம் 35-ஓடு பாண்டி ஆர்டிஓவில் நீக்க வேண்டும். கம்பெனி வண்டி என்பதால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் அடமானம் பதிவாகியிருக்கலாம். "சார்ஜ்" பட்டியலில் அது இருந்தால் அடமானம் தீர்ந்தது என்று சொல்லும் சிஎச்ஜி-4 படிவம் தாக்கல் செய்து முடிக்கட்டும். இந்த இரண்டும் விற்பவர் வேலை. அது முடியும் வரை டோக்கனுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி, பெரும்பாலானோர் கவனிக்காத இடம். தனியாள் தனியாளுக்கு விற்றால் வரி இல்லை. ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி தேய்மானம் எடுத்த காரை விற்றால், விற்ற விலைக்கும் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் 18%. வருடம் 15% தேய்மானம் என்றால் 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கிய வண்டி 11 வருடத்தில் புத்தகத்தில் சுமார் 20 லட்சத்துக்கு வந்து நிற்கும். 80 லட்சத்துக்கு விற்றால் வித்தியாசம் 60 லட்சம், வரி 10 லட்சத்து 80 ஆயிரம். இதை யார் கட்டுவது என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். "85 ஃபைனல்" என்று பேசிவிட்டு, பில் போடும்போது "பிளஸ் ஜிஎஸ்டி" என்றால் பேச்சே மாறிவிடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் கம்பெனி 1% டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கும், அது உங்கள் வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும்.

பதிவு மாற்றத்துக்குப் பாண்டியிலிருந்து படிவம் 28 என்ஓசி வேண்டும், சேசிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்தெடுத்த அச்சோடு. இங்கே பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புது எண்ணுக்குப் படிவம் 27. கம்பெனி சார்பில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் பெயரில் போர்டு தீர்மானம் இருக்க வேண்டும். அதோடு தமிழ்நாட்டு ஆயுள் வரி. புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் 20%, பழசுக்கு வயதைப் பார்த்துக் குறைத்துப் போடுவார்கள். கணக்கு முதல் இன்வாய்ஸிலிருந்து தொடங்கும் என்பதால் அது இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். "பாண்டி நம்பரிலேயே ஓட்டுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். இந்த வண்டியை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பதும் வேடிக்கைதான்.

தண்டையார்பேட்டை ட்வின்கேம்

எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது: 498 மணி, பிடிகே மாட்யூலில் கடைசிப் பதிவு 11,187 கி.மீ. முன் டயர் 1114, பின் டயர் 3819. கேஜில் இடது கதவு 290, மற்ற இடமெல்லாம் 120 பக்கம். பேட்டரி 12.1 வோல்ட். சர்வீஸ் பில் 2019 வரை உண்டு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சீட் பெல்ட், பாய் எல்லாம் சுத்தம்.

ஃப்ளாட் சிக்ஸ்

498-க்கு 22.5 வருகிறது. கி.மீ. உண்மை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

290 என்பது பட்டி இல்லை, ஒருமுறை மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கதவின் கீல் போல்ட்டில் பெயிண்ட் உடையாமல், ஸ்பேனர் தடம் இல்லாமல் இருந்தால் கதவு கழற்றப்படவில்லை, ஏதோ உரசல். பின் டயர்தான் கேள்வி. பத்தாயிரத்துக்குள் பின் டயர் தேய்ந்திருக்க வேண்டியதில்லை. வெட்டுப்பட்டதா, நின்று தட்டையானதா, யாராவது ட்ராக்கில் போட்டு எரித்தார்களா என்பதை 2019 பில்தான் சொல்லும். கேட்டு வாங்குங்கள்.

ஐந்து வருட இடைவெளிக்குக் கணக்கு: எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஃப்ளூயிட், பிளக், பெல்ட், பேட்டரி, நாலு டயர், வயதைப் பார்த்து கூலன்ட். 12.1-இல் ஐந்து வருடம் கிடந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் எழுத்துபூர்வ எஸ்டிமேட் வாங்கி அதை அப்படியே விலையில் கழியுங்கள்.

படிவம் முப்பது

திரும்ப விற்பது பற்றிக் கேட்டீர்கள். ஆர்சி 15 வருடம்தான், 2029-இல் புதுப்பிக்க வேண்டும். 2028 கடைசியில் விற்கப் போனால் வாங்குபவர் அதைச் சொல்லியே அடிப்பார். அதற்குள் விற்றுவிடுங்கள், அல்லது புதுப்பித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். சர்வீஸை கி.மீ. பார்த்துச் செய்யாமல் தேதி பார்த்துச் செய்து, ஒவ்வொரு பில்லிலும் மீட்டர் அளவு இருக்கும்படி வையுங்கள். டிஎம்இ ரிப்போர்ட்டை இப்போது ஒன்று, விற்கும்போது ஒன்று.

விற்கும் அன்று தேதி, நேரம், மீட்டர் அளவோடு டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் படிவம் 29-ஐ ஆர்டிஓவுக்கு அனுப்புங்கள். ஆர்சியில் பெயர் மாறாத வரை விபத்து இழப்பீடு பழைய உரிமையாளர் தலையில்தான் விடியும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. சான்றிதழ் வாங்கி மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். பணம் ஆர்டிஜிஎஸ் மட்டும். இரண்டு லட்சமோ மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

எண்ணூர் உப்புக்காத்து

ஒன்று விட்டுவிட்டோம். மாதவரத்திலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். 2014 முன் டயர், பழைய பிரேக் ஃப்ளூயிட், வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. ஃப்ளாட்பெட் வரச் சொல்லுங்கள், தாழ்ந்த வண்டி என்று முன்பே சொன்னால் பலகை கொண்டு வருவார்கள். சங்கிலியைக் கீழே சஸ்பென்ஷன் கையில் மாட்ட விடாதீர்கள், அது அலுமினியம். முன் பம்பரில் சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றி டூல் கிட்டில் இருக்கும் வளையத்தைத் திருகி அதில்தான் இழுக்க வேண்டும். குடோனை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த வளையம் டூல் கிட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.