பார்ஸ்லி விதை முளைக்கவே இல்லை

குன்னூர், வீட்டுத் தோட்டம். சுருள் இலைப் பார்ஸ்லி (கொத்தமல்லி வகையைச் சேர்ந்த மணக்கீரை), வழக்கம்போல் இரண்டாம் ஆண்டில் பூத்தது. குடை வடிவப் பூங்கொத்துகள் நன்றாகப் பழுப்பேறிய பிறகே விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைத்திருந்தேன். கசக்கினால் இன்றும் மணம் தூக்குகிறது.

ஏப்ரலில் தொட்டியில், கால் அங்குல ஆழத்தில் விதைத்தேன். பார்ஸ்லி 3, 4 வாரம் இழுத்தடிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஜூன் பாதியாகியும் ஒரு முளைகூட இல்லை. விதைத்தோலில் உள்ள முளைப்புத் தடைப்பொருள் கரையட்டும் என்று இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தும், ஈரத் துணியில் முடிந்தும் பார்த்தாகிவிட்டது. விதை அழுகவில்லை, பூஞ்சையும் இல்லை. பக்கத்துத் தொட்டியில் அதே மண்ணில் கொத்தமல்லி செழித்து நிற்கிறது. அது வேறு எரிச்சல்.

விதைக்குள் உயிருள்ள கரு இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டறிவது எப்படி?