ஆளில்லாத கடற்கரையில் அலைச்சறுக்கு: பூம்பாறையிலிருந்து எங்கே போகலாம்?

பூண்டுக்காரன், பூம்பாறை:

மலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

எனக்கு 36 வயது. பூண்டும் கேரட்டும் போடுகிறோம். பங்குனியில் பூண்டு பிடுங்கிக் காயவைத்து வடுகபட்டிக்கு ஏற்றி அனுப்பிவிட்டால் சில நாட்கள் கை சும்மா இருக்கும். அந்த நாட்களில் அலைச்சறுக்கு, அதாவது பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங், பழக வேண்டும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது. என் மனைவி இதற்கு இன்னும் கடுமையான பெயர் வைத்திருக்கிறாள்.

நீச்சல் தெரியும். தேவதானப்பட்டியில் மாமா தோட்டத்துக் கிணற்றில் பழகியது. கடலில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை.

ஒரே நிபந்தனை, கூட்டம் கூடாது. மே மாதம் கொடைக்கானலில் காய்கறி வண்டியை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2024இல் இ-பாஸ் வந்த பிறகும் பெருமாள்மலையிலிருந்து மேலே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. காசு கொடுத்து இன்னொரு கூட்டத்துக்குள் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஊர் அரவம் இல்லாத, மணல் தரை உள்ள, அலை நன்றாக உடைகிற ஒரு கடற்கரை போதும். வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது தொண்டி, தேவிபட்டினம். அங்கே போகலாமா? பலகையை பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறேன்.

ஏரிச்சாலை ஓட்டுநர், கொடைக்கானல்:

கடலைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆளில்லாத இடத்தைப் பற்றித் தெரியும். வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் "கூட்டம் இல்லாத இடமாகக் காட்டுங்கள்" என்பார்கள். காட்டினால் படம் எடுத்துப் போடுவார்கள். அடுத்த வாரம் அங்கே மக்காச்சோளக் கடை வந்துவிடும். யாராவது நல்ல இடம் சொல்வதாக இருந்தால் தம்பிக்குத் தனியாகச் சொல்லுங்கள், இங்கே எழுதாதீர்கள்.

மணப்பாட்டு மகள், பெருமாள்மலை:

ஓட்டுநர் அண்ணன் பயப்பட வேண்டாம். நான் சொல்லப்போகும் இடங்கள் எல்லாமே வரைபடத்தில் இருப்பவை. அவற்றை ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

நான் பிறந்தது மணப்பாடு. வாக்கப்பட்டு இந்த மலைக்கு வந்தேன். அப்பாவும் அண்ணன்மாரும் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். எனக்குப் பலகையில் நிற்கத் தெரியாது, ஆனால் அந்தக் கடலைத் தெரியும்.

முதலில், தொண்டியும் தேவிபட்டினமும் வேண்டாம் தம்பி. அது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, தெற்கிலிருந்து வருகிற அலையை இலங்கையும் ராமேஸ்வரமும் தடுத்துவிடுகின்றன. பெரும்பாலான நாட்களில் குளம்போலக் கிடக்கும். நீங்கள் தேடுகிற அலை மன்னார் வளைகுடாவின் தென்பக்கத்தில், திருச்செந்தூருக்குக் கீழே இருக்கிறது. குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று வரிசையாகப் போகலாம். மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழி.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றும், அதன்மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும் தூரத்திலிருந்தே தெரியும். அந்த முனையைச் சுற்றி அலை வளைந்து வருவதைத் தேடிப் பலகைக்காரர்கள் வருவதுண்டு. அது பழகியவர்களுக்கான இடம். உங்களுக்கு வேண்டிய மணல் தரை முனையிலிருந்து தள்ளி, நீண்ட கரையில் கிடக்கிறது. செப்டம்பர் முதல் இரண்டு வாரம் மட்டும் வந்துவிடாதீர்கள். 14ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழா. கொடைக்கானல் மே மாதம் தோற்றுவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஆளில்லாத கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சுற்றுலாக்காரர்கள் இல்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். படகுகள் கரை ஏறும், வலை தட்டுவார்கள், ஐஸ் பெட்டியோடு வியாபாரிகள் நிற்பார்கள். சில ஊர்களில் கரைவலை இழுப்பார்கள். கரையில் இரண்டு இடங்களில் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுக்கிறார்கள் என்றால் நடுவில் உள்ள கடல் முழுக்க வலை. அதற்குள் பலகையோடு போனால் அவர்களுடைய அன்றைய பாடு போய்விடும், உங்களுக்கும் வலையில் கால் சிக்கும்.

படகு விஷயம் இன்னும் முக்கியம். கரைக்குச் சற்றுத் தள்ளி மணல் மேடு இருக்கும். அலை அதன்மேல்தான் உடையும். மேட்டில் எங்காவது ஓர் இடைவெளி இருக்கும், அங்கே அலை உடையாது. எங்கள் ஆட்கள் படகை அந்த வழியாகத்தான் வெளியே எடுப்பார்கள், அதே வழியாகத்தான் உள்ளே வருவார்கள். உள்ளே வரும்போது பின்னாலிருந்து அலை தள்ளும், படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. புதிதாக வருகிறவர்கள் அலை இல்லாத இடம்தானே பத்திரம் என்று சரியாக அங்கேயே போய் இறங்குவார்கள். மேட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் திரும்பக் கடலுக்குப் போகிற வழியும் அதுதான். ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து, படகுகள் எந்த வழியில் போய்வருகின்றன என்று பாருங்கள். அந்த வழியை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள்.

பெரியதாழைப் பக்கம் தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் சுவரின் ஓரமாகவும் தண்ணீர் வெளியே ஓடும். அருகே இறங்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று. எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து, கொஞ்சம் சாய்வாக வீசும். அலையின் முகம் வழவழப்பாக இருப்பதால் பலகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் களைத்துப்போய்ப் பலகைமேல் படுத்திருக்கும் ஆளை அது மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் வரப்போகும் பங்குனி, சித்திரையில் காற்றுத் தொல்லை குறைவு. வேறொன்று இருக்கிறது. தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை சில நாட்கள் கழித்து, இங்கே காற்றே இல்லாதபோது வந்து ஏறும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கரையோரம் நின்றிருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படித்தான். வானம் தெளிவாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, நாளிதழிலும் வரும். எச்சரிக்கை இருந்தால் அன்று கரையில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுங்கள்.

பூண்டுக்காரன், பூம்பாறை:

அக்கா, மிக்க நன்றி. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "கரையில் உட்கார்ந்து மீன் குழம்பு" வரைக்கும் அவளுக்குச் சம்மதமாம்.

ஒரு சந்தேகம். இழுக்கிற தண்ணீரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் சுவர் வந்துவிடும்.

தேயிலைத் துளிர், கோத்தகிரி:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன், உள்ளே விடுவீர்களா? எனக்கும் சின்னத் தேயிலைத் தோட்டம்தான், எனக்கும் இதே பைத்தியம்தான். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் பழகினேன்.

கேட்டதற்குப் பதில் முதலில். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரர்கள் அப்படித்தான் களைத்துப்போகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போங்கள். இழுப்பு அகலம் குறைந்தது. அதைத் தாண்டினால் அலை உடைகிற இடம் வரும், அந்த அலையே உங்களைக் கரையில் தள்ளும். பலகையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். அது மிதக்கும். கணுக்காலில் கட்டும் லீஷ் கயிற்றை இறங்குவதற்கு முன் இழுத்துப் பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் நண்பரே, முதல் பாடத்துக்கு ஆளில்லாத கரை சரிப்படாது. கூட்டத்தை வெறுக்கிற உங்கள் சுபாவம் எனக்கும் உண்டு. இருந்தாலும் முதல் ஒரு வாரத்தை கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஒரு பயிற்சியாளரிடம் கழித்துவிடுங்கள். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் செங்கல்பட்டு, அங்கிருந்து மாமல்லபுரம் பஸ்ஸில் போகலாம். பலகையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சொல்லப்போனால், முதல் நாட்களில் நீங்கள் இருக்கப்போவது உடைந்து நுரையாகி வருகிற தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில். தேர்ந்தவர்கள் எல்லாம் வெளியே இருப்பார்கள். நுரைக்குப் போட்டி கிடையாது.

எப்படி விழுவது என்பதை அங்கேதான் ஒழுங்காகக் கற்றுத்தருவார்கள். மணல் தரை என்றால் மெத்தை என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் அலை உடைந்துவிடும். அதாவது மார்பளவு அலை உடைகிற இடத்தில் உங்களுக்குக் கீழே இருப்பது ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. தலைகுப்புறப் பாயக் கூடாது. தட்டையாக விழ வேண்டும், எழும்போது இரண்டு கைகளும் தலையைச் சுற்றி இருக்க வேண்டும், பலகை திரும்பி வந்து மண்டையில் அடிக்கும். கரை செங்குத்தாகச் சரிந்து, அலை நேரே ஈர மணலில் அறைந்து விழுகிற இடமாக இருந்தால் அங்கே இறங்கவே வேண்டாம். கழுத்து போகும்.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 7 விநாடிக்கு ஒருமுறை வருகிற ஒரு மீட்டர் அலையும் 16 விநாடிக்கு ஒருமுறை வருகிற ஒரு மீட்டர் அலையும் ஒன்றல்ல. பின்னது தூரத்திலிருந்து வருவது, சக்தி அதிகம், நடுவில் கடல் அடங்கிக் கிடப்பதுபோல ஏமாற்றும். அக்கா சொன்ன கள்ளக்கடல் அந்த வகை.

பலகை வாங்குவதாக இருந்தால் எட்டு அல்லது ஒன்பது அடி நீளத்தில், மேலே மிருதுவான நுரைப்பரப்பு உள்ளது. கடைக்காரர் குட்டையான, கூர்மையான பலகையைக் காட்டினால் அழகாக இருக்கும், வாங்காதீர்கள். பிக்கப்பில் கேரட் மூட்டைமேல் போட்டுக் கட்டி, தார்ப்பாய் போடாமல் வெயிலில் விட்டால் நுரை உப்பிவிடும்.

மலையில் ஏறி இறங்கும் கால் நமக்கு உண்டு. இதற்குத் தேவை தோள். முழுநேரமும் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதுதான் வேலை, நிற்பது சில விநாடி. இப்போதே தண்டால் எடுக்க ஆரம்பியுங்கள்.

ஏரிச்சாலை ஓட்டுநர், கொடைக்கானல்:

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஏரியில் பெடல் படகே போதும் என்று தோன்றுகிறது.

பூண்டுக்காரன், பூம்பாறை:

சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரம் மாமல்லபுரம். அதன் பிறகு மணப்பாடு. அக்கா, கரையில் யாரைக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை போனால் படகுத் தொல்லை இருக்காது என்று என் மாமா சொல்கிறார், உண்மையா?

மணப்பாட்டு மகள், பெருமாள்மலை:

உண்மைதான் தம்பி, ஞாயிறு எங்கள் ஊரில் தொழிலுக்குப் போக மாட்டார்கள். படகு நடமாடாது, கரைவலையும் இருக்காது. ஆனால் காலையில் ஊரே பூசையில் இருக்கும். கரையில் ஒரு கண்கூட உங்கள்மேல் இருக்காது. பூசை முடிந்து, ஆட்கள் கரைக்கு வந்து வலையைப் பிரித்து உட்கார்ந்த பிறகு இறங்குங்கள்.

யாரைக் கேட்பது என்றால், வலை பின்னிக்கொண்டிருக்கும் வயதானவர் யாராக இருந்தாலும் சரி. "ஐயா, இன்றைக்கு நீவாடு எப்படி" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது, எவ்வளவு வேகம் என்று சொல்வார். "இன்றைக்கு வேண்டாம்" என்றால் எதிர்வாதம் செய்ய வேண்டாம். பூம்பாறைப் பூண்டு ஒரு கிலோ கொண்டுபோனால் இன்னும் நன்றாகச் சொல்வார்.

கரையோரத் தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதிர்வு தெரிந்தால் விலகிவிடும், மிதித்தால்தான் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும், பிறகு திருச்செந்தூர் மருத்துவமனை. சொறி, அதாவது ஜெல்லி மீன், மிதந்து வருகிற நாட்களும் உண்டு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், பலகையில் உரசி நெஞ்சுத் தோல் உரியாமலும் இருக்கும்.

உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரையில் எப்போதும் உங்களுடைய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். வண்டிச் சாவியும் கைபேசியும் அவரிடம் இருக்கட்டும்.