16 பேரின் கொழுந்து நிறையை வைத்து "சராசரி 20 கிலோ" என்பதை மறுக்க முடியுமா?

கொட்டகலை மாணவி
வணக்கம். பட்டப்படிப்புக் களஆய்வுக்காக ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறை சேர்க்கிறேன். "இந்த டிவிசனில் ஆளுக்குச் சராசரி 20 கிலோ எடுக்கிறார்கள், அதனால் 20 கிலோ நோம் (முழுநாள் சம்பளத்துக்கு எடுக்கவேண்டிய அளவு) நியாயம்தான்" என்று அங்கே சொல்கிறார்கள். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடம்) நின்று 16 பேரின் நிறையை எழுதினேன். மாதிரி இடை 18.5, நியம விலகல் 3.

(18.5 − 20) ÷ 3 = −0.5 என்று எனக்கு வருகிறது, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. கூடப் படிக்கிற அக்கா −2 வரும், 5% மட்டத்து வரம்பான 1.96ஐத் தாண்டுகிறது, 20 தப்பு என்கிறார். எக்செல்லில் ரி (t) பரம்பலைப் போட்டால் பி-பெறுமானம் (சராசரி உண்மையில் 20 என்றால் இவ்வளவோ இதைவிடக் கூடவோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.064. மூன்றும் மூன்று கதை சொல்கிறதே, எதை எழுதுவது?

பண்டாரவளை சேர்
தங்கச்சி, −0.5ஐ விட்டுவிடுங்கள். 3 கிலோ என்பது ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கம். நீங்கள் சோதிப்பதோ 16 பேரின் இடையை. ஒருவர் 14 எடுத்திருப்பார், இன்னொருவர் 23. கூட்டி வகுக்கும்போது அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், இடை அவ்வளவு ஆடாது. அது ஆடும் அளவுதான் நியம வழு: 3 ÷ √16 = 0.75. ஆகவே −1.5 ÷ 0.75 = −2.

இதுவரை அக்கா சொன்னது சரி. ஆனால் 1.96 என்ற வரம்பு, குடித்தொகையின் (டிவிசன் முழுவதன்) நியம விலகல் முன்பே தெரிந்திருந்தால் பொருந்தும். நம்மிடம் இருக்கிற 3, அதே 16 பேரிடமிருந்து மதிப்பிட்டது, அதுவும் ஆடும். அதற்குத்தான் ரி அட்டவணை. சுயாதீனப் பாகை 15 (16 − 1), இருவால் (கூடினாலும் குறைந்தாலும் பார்ப்பது), 5% மட்டம்: வரம்பு 2.131. −2 அதை எட்டவில்லை. எக்செல்லின் 0.064 என்பது 0.05ஐவிடக் கூட, அது சொல்வதும் இதையேதான்.

(இதைக் கண்டுபிடித்த கொசெட் டப்ளினில் கின்னஸ் பியர் கம்பனியில் வேலை செய்தவர். 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். சின்ன மாதிரியோடு மல்லுக்கட்டுவது பழைய பிரச்சினை!)

கொட்டகலை மாணவி
நன்றி சேர். ஆனால் 20க்குக் குறைவு என்பதுதானே என் சந்தேகம்? ஒருவால் சோதனை செய்தால் வரம்பு 1.753, தாண்டிவிடுகிறதே?

பண்டாரவளை சேர்
நிறுப்பதற்கு முன்பே "குறைவா?" என்று ஆய்வு முன்மொழிவில் எழுதியிருந்தால் தாராளமாகச் செய்யலாம். 18.5ஐப் பார்த்த பிறகு மாற்றினால் அது உங்களுக்கு வேண்டிய விடைக்காக வரம்பைத் தாழ்த்துவது.

தலவாக்கலை ஓய்வு கணக்கப்பிள்ளை
மகள், எனக்கு ரி எல்லாம் தெரியாது. அந்த 16 பேரும் எந்த மலையில், எந்த மாதம்? நம் மேற்குப் பக்கத்தில் தை, மாசி வெயிலில் கொழுந்து குறையும், மழை விழுந்த பிறகு கூடும். அவர்கள் சொல்லும் 20 வருடச் சராசரியா? அப்புறம், மடுவத்தில் நீங்கள் எழுதியது சாக்கு, தண்ணிக் கழிவு போன பிறகா, முன்பா? செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு) ஏறுவது கழிவு போன நிறை.

இன்னொன்று. சராசரி 20 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 20க்குக் கீழேதானே? சராசரியையே நோமாக வைத்தால் தினமும் எத்தனை பேருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் என்று யோசியுங்கள்.

கொட்டகலை மாணவி
ஐயா, மாசியில்தான் எடுத்தேன். ஒரே கங்காணியின் ஆட்கள், ஒரே மலை. கழிவுக்கு முந்திய நிறை. முன்மொழிவில் "வேறுபடுகிறதா" என்றுதான் இருக்கிறது.

பண்டாரவளை சேர்
அப்படியானால் இருவால்தான். ஐயா கேட்டது கணக்கைவிடப் பெரிய விஷயம். ஒரே மலையில் ஒரே நாள் எடுத்தவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்தே கூடுவார்கள், குறைவார்கள். 16 பேர் இருந்தாலும் 16 சுயாதீன அவதானிப்பு ஆகாது. உண்மையான நியம வழு 0.75ஐவிடக் கூடவே இருக்கும்.

இப்போதைக்கு இப்படி எழுதுங்கள்: இடை 18.5, 95% நம்பிக்கை இடைவெளி 16.9 முதல் 20.1 வரை, சூனியக் கருதுகோளை (சராசரி 20 என்பதை) நிராகரிக்கப் போதிய சான்று இல்லை. "சராசரி 20 என்று நிரூபணமானது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 17.5உம் அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. எங்கே, எப்போது, எந்த நிறை என்பதையும் குறைபாடாகச் சேருங்கள்.

முடிந்தால் செக்ரோலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வருடம் முழுக்க எழுமாறாக நாட்களை எடுத்து, ஒவ்வொரு நாளிலும் ஒரே ஒருவரை எழுமாறாக எடுக்கலாம். 1.5 கிலோ வித்தியாசத்தை 80% வாய்ப்போடு பிடிக்க 34 பேர் அளவு வேண்டும், அதுவும் விலகல் 3ஆகவே இருந்தால். வருடம் முழுக்க எடுக்கும்போது அது கூடும், ஆகவே 60 எடுத்தால் நல்லது.

தலவாக்கலை ஓய்வு கணக்கப்பிள்ளை
செக்ரோலில் கேஷ் பிளக்கிங் நாட்களை விட்டுவிடுங்கள் மகள். அன்றைக்குக் கிலோவுக்குக் காசு, நிறை வேறு மாதிரி இருக்கும்.